கயிற்றுக்கு வெளியே

தீயணைப்பு வண்டி வந்து நிற்கிற இடத்தில் தீயை அணைக்கக் கூடாது என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். வாவிக்கரையில் இருக்கிற எங்கள் ஊர் அம்மன் கோயிலில் வருடாவருடம் அதுதான் நடக்கும். சடங்கின் கடைசி நாள் தீமிதிப்பு. காலையிலேயே குழி வெட்டி, விறகை அடுக்கிக் கொளுத்திவிடுவார்கள். மத்தியானத்துக்குப் பிறகு நகரத் தீயணைப்பு நிலையத்தின் தண்ணீர் பவுசர் வந்து ஆலமரத்துக்குக் கீழே நிற்கும். வந்த மனிதர்கள் குழாயை விரித்து வைத்துவிட்டு, ஊரே சேர்ந்து வளர்க்கிற நெருப்பைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோயில்காரர்கள் அவர்களுக்குச் சர்பத் கொடுத்து உபசரிப்பார்கள்.

அந்தப் பவுசரை ஓட்டியவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அப்பா கத்தாரில் இருந்ததால் எங்கள் வீட்டு ஆண்பிள்ளை அவர்தான். சாப்பாடு, சண்டை, சமாதானம் எல்லாம் எங்கள் வீட்டில். வேலையில் சாரதி என்றுதான் பெயர். ஆள் போதாத நேரங்களில் அவரும் குழாயைத் தூக்கிக்கொண்டு நெருப்புக்குள் போவார். அந்தக் கதையை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, பயிற்சிக்கென்று கொழும்புக்குப் போன மாமா ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்தார். அவருடைய இடது புருவத்தைக் காணவில்லை. கேட்டேன். பஸ்ஸால் இறங்கியதும் சந்தையடிச் சலூனுக்குப் போனாராம், முகம் வழிக்கும்போது சலூன்காரர் தும்மிவிட்டாராம். நான் அதை அப்படியே நம்பினேன். மூடிக் கிடந்த மெத்தைக் கடைக்கு எதிரேதான் அந்தச் சலூன். பள்ளிக்கூட வான் அதைத் தாண்டும்போதெல்லாம் அந்த மனிதரை முறைத்துப் பார்ப்பேன். அவரோ பாவம், ஒன்றும் தெரியாமல் சிரிப்பார். ஒரு நாள் வான் நின்றபோது டொபி கூடத் தந்தார். டொபியை வாங்கிக்கொண்டேன், கோபத்தை விடவில்லை.

அடுத்த வருடம் தீயணைப்பு நிலையத்தில் சிறுவர் தொண்டர் அணி ஒன்று தொடங்கினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் கேட்டதும் முதலில் கையை உயர்த்தியது நான்தான். முழங்கால் வரை தொங்கும் மஞ்சள் மேற்சட்டை, ஒரு தலைக்கவசம். நான் தலையைத் திருப்பினாலும் அது திரும்பாது. சனிக்கிழமைகளில் பயிற்சி. குழாயைச் சுருட்டப் பழக்கினார்கள், முடிச்சுப் போடப் பழக்கினார்கள், சுட்ட புண்ணில் நிறையத் தண்ணீர் ஊற்றப் பழக்கினார்கள். நெருப்பின் பக்கம் மட்டும் விடவேயில்லை. தண்ணீர் பாயும்போது குழாயின் நுனியைத் தொடக் கூடாது. சங்கு ஊதினால் வண்டியில் ஏறக் கூடாது. எனக்கு இது பெரிய ஏமாற்றம். நெருப்பை அணைக்காத தீயணைப்புக்காரியாக இருப்பதில் என்ன பெருமை?

"உங்கட வேலை நெருப்போட இல்ல, சனத்தோட" என்றார் மாமா. எங்களுக்குப் பயிற்சி தந்தது அவர்தான். கயிறு கட்டினால் அதற்கு வெளியே நில்லுங்கள், வேறு யாரையும் உள்ளே விடாதீர்கள், பொய்யாகச் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடாதீர்கள். இவைதான் சட்டங்கள். பொய்க்குக் கூப்பிடுவதைப்போல ஒரு பாவம் உலகத்தில் இல்லை என்று அவர் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்ன விதத்தில் எனக்கு அன்று நித்திரையே வரவில்லை.

படித்ததை வீட்டில் செய்து பார்க்காமல் இருக்க முடியுமா? குசினி அடுப்பைச் சுற்றிக் கொடிக்கயிற்றைக் கட்டினேன். அகப்பையோடு வந்த அம்மாவைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தி, உள்ளே போக அனுமதியில்லை என்று அறிவித்தேன். என் கூத்துகள் எல்லாவற்றுக்கும் முதலில் சிரிப்பது அம்மாதான். அன்று சிரிக்கவில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "கழட்டு மகள் அத" என்றார். கறி அடிப்பிடித்துவிடும் என்ற பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடச் சடங்குக்கு அம்மா தீ மிதிக்கப் போகிறார் என்பது மெல்ல மெல்லத்தான் எனக்குத் தெரியவந்தது. நேர்த்திக்கடன் என்றார்கள். எதற்கு நேர்த்தி என்று கேட்டால் பெரியவர்கள் எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிடும். அப்பாவின் விசாவுக்காக இருக்கும், இல்லாவிட்டால் மாமாவுக்குப் பெண் கிடைப்பதற்காக இருக்கும் என்று நானே முடிவு செய்தேன். இரண்டும் அப்போது இழுபறியில்தான் இருந்தன.

மாமாவுக்கு இதில் கொஞ்சமும் விருப்பமில்லை. கரண்ட் இல்லாத ஒரு நாள், அடுப்பிலிருந்து தணலாய் எரிகிற சிரட்டை ஒன்றைக் குறட்டில் பிடித்து எடுத்துக்கொண்டு அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, இது ஒரு சிரட்டை. கிட்டப் பிடிச்சா எப்பிடிச் சுடுது பாத்தீங்களா? அங்க கிடக்கப்போறது ஒரு குழி நிறைய."

அம்மா குறட்டை வாங்கி, அந்தச் சிரட்டையைக் கரி அயன்பெட்டிக்குள் போட்டு மூடி, மாமாவின் சீருடையை எடுத்து விரித்து அயன் பண்ணத் தொடங்கினார். மாமா அதோடு விடவில்லை. மறுநாள் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற வண்ணக்கரிடம் போய், பாதுகாப்புக் காரணங்களுக்காகக் குழியின் நீளத்தைக் குறைக்க வேண்டும் என்று அதிகாரக் குரலில் சொல்லியிருக்கிறார். வண்ணக்கர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தம்பி, நீங்க தண்ணியோட நில்லுங்க. நெருப்ப அம்மாள் பாத்துக்கொள்ளுவா" என்றாராம். ஊர் முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் மாமா எவ்வளவு கடமையுணர்வு உள்ளவர் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மா காப்புக் கட்டிக்கொண்டு கோயிலிலேயே தங்கிவிட்டார். கடைசி நாளும் வந்தது. தொண்டர் அணிக்கு அதுதான் முதல் கடமை. குழியைச் சுற்றிக் கம்பு நட்டு, கயிறு கட்டி, எங்களை வரிசையாக வெளியே நிறுத்தினார்கள். தீ மிதிப்பவர்களையும் பூசாரியாரையும் தவிர வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. நிலையப் பொறுப்பதிகாரி விசில் அடித்தால் மட்டும் தீயணைப்புக்காரர்கள் போகலாம். இதைப் பொறுப்பதிகாரியே எங்களிடம் இரண்டு தரம் சொன்னார். இரண்டு தரமும் நான் "ஓம் சேர்" என்று கத்தினேன்.

தீ மிதிப்பவர்கள் வாவியில் குளிக்கப் போயிருந்த நேரம், மாமா என்னைப் பவுசருக்குப் பின்னால் கூப்பிட்டார். தன்னுடைய சர்பத்தை என்னிடம் நீட்டினார். ஏதோ பெரிய காரியம் என்று அப்போதே விளங்கிவிட்டது.

"மருமகள், ஒரு உதவி செய்யணும். அம்மா வரிசையில வரக்குள்ள நீ மயங்கி விழுற மாதிரி விழு. அம்மா நெருப்ப விட்டிட்டு உன்னட்ட ஓடி வருவா."

நான் சர்பத்தை முழுவதும் குடித்து முடித்தேன். பிறகு, "பொய்க்குக் கூப்பிடக் கூடாது எண்டு நீங்கதானே மாமா படிப்பிச்சீங்க?" என்றேன்.

மாமா வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டார். "உனக்குப் படிப்பிச்ச என்னத்தான் அடிக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் போனார். அது ஒரு சோதனை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொண்டர்கள் சட்டத்தை மீறுகிறார்களா என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பரீட்சிக்கிறார்கள். நான் சித்தியடைந்துவிட்டேன். மற்றப் பிள்ளைகளுக்கும் சர்பத் கிடைத்ததா என்று எட்டிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

உடுக்குச் சத்தமும் குரவைச் சத்தமும் நெருங்கின. ஈரத் துணியோடு, கையில் வேப்பிலையோடு, மஞ்சள் பூசிய முகங்கள் வரிசையாக வந்தன. அந்த வரிசையில் அம்மாவும் இருந்தார். குழியிலிருந்து அடித்த வெக்கையில் என் தலைக்கவசம் கொதித்தது. நான் நின்ற இடத்துக்கே இப்படி என்றால் உள்ளே எப்படி இருக்கும்? அம்மா திரும்பிப் போய்விட்டால் நல்லது என்று, சட்டத்துக்கு விரோதமில்லாமல், மனதுக்குள் மட்டும் நினைத்தேன்.

முன்னால் போனவர்கள் ஓட்டமும் நடையுமாகக் குழியைக் கடந்தார்கள். அம்மாவின் முறை வந்தபோது, பவுசரடியில் நின்ற மாமா குழாயைக் கீழே போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"கயித்த விடு."

"ஏலா மாமா."

"நான் தீயணைப்புக்காரன், புள்ள, விடு!"

"சேர் இன்னும் விசில் அடிக்கல்லியே."

இரண்டாவது சோதனை! முதலாவதை விடக் கடினமாக வைத்திருக்கிறார்கள். மாமா கயிற்றைப் பிடித்தார். அவர் நினைத்திருந்தால் கயிற்றையும் என்னையும் சேர்த்தே தூக்கி ஆலமரத்தில் மாட்டியிருக்கலாம். நான் வேறு வழியில்லாமல் கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். பயிற்சியில் இது இல்லை, என் சொந்த யோசனை. மாமாவின் ஒரு கை கயிற்றிலும் மற்றக் கை என் தலைக்கவசத்திலும் இருந்தன. தலைக்கவசம் விடாமல் நடுங்கியது. பவுசரின் எஞ்சின் ஓடுகிறது என்று நினைத்தேன்.

அம்மா ஓடவில்லை. கிணற்றடிக்குப் போகிறவரைப்போல நடந்தார். குழியின் நடுவில் போகும்போது முகத்தை மட்டும் எங்கள் பக்கம் திருப்பினார். இடுப்பில் கயிற்றோடு உட்கார்ந்திருக்கிற என்னையும், கயிற்றைப் பிடித்தபடி நின்ற மாமாவையும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார், அப்படியொரு சிரிப்பு. பிறகு மிச்சத் தணலையும் கடந்து, கடைசியில் இருந்த பால்குழிக்குள் காலை வைத்தார். என் கடமையைப் பார்த்து அம்மா பூரித்துப்போனார் என்று எனக்கு இருந்த சந்தோசத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

எல்லோரும் மிதித்து முடிந்ததும் பொறுப்பதிகாரி கையைக் காட்டினார். நான் எழும்பி முடிச்சை அவிழ்ப்பதற்குள் மாமா கயிற்றுக்குக் கீழால் குனிந்து ஓடினார். சாம்பலும் சேறுமாகக் கிடந்த நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, அம்மாவின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, போத்தல் தண்ணீரை ஊற்றினார். அந்தப் போத்தல் முடிய இன்னொன்று. எங்களுக்குப் படிப்பித்தபடியே செய்கிறாரா என்று நான் பக்கத்தில் நின்று கவனித்தேன்.

"எரியுதா அக்கா?"

"இல்லடா. கூசுது, விடு."

மாமா விடவில்லை. அம்மா குனிந்து, அரைகுறையாக முளைத்திருந்த அவருடைய இடது புருவத்தைச் சாம்பல் விரலால் தடவினார்.

"இப்ப தெரியுதா தம்பி, கயித்துக்கு வெளிய நிக்கிறது எப்பிடி இரிக்கும் எண்டு?"

மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீராக வழிந்தது. புகை பட்டால் கண்ணைக் கசக்கக் கூடாது, கழுவ வேண்டும் என்று நான் அவருக்கு ஞாபகப்படுத்தினேன். அம்மா கேட்டது தொண்டர்களின் கஷ்டத்தைப் பற்றி என்றுதான் எனக்கு விளங்கியது. ஆகவே மாமாவுக்குப் பதிலாக நானே சொன்னேன்: "ஓம் அம்மா, கால் நல்லாக் கடுக்குது." இரண்டு பேரும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அழுதார்கள். சோதனையில் சித்தியடைந்ததற்கு இவ்வளவு கொண்டாட்டமா என்று எனக்கே கூச்சமாகப் போய்விட்டது.

இப்போது நான் நகரத்தில் ஒரு கந்தோரில் மேசை வேலை செய்கிறேன். போன மாதம் மகனுக்கு முடி வெட்ட அதே சந்தையடிச் சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சலூன்காரருக்கு நன்றாக வயது போய்விட்டது. டொபி கொடுக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. எங்கள் மாமாவின் புருவத்துக்கு நீங்கள் இன்னும் நட்டஈடு தரவில்லையே என்று பகிடியாகக் கேட்டேன். அவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு முழித்தார். தும்மல் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வாசலுக்கு எதிரே காட்டினார். மெத்தைக் கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு மருந்துக்கடை இருக்கிறது.

"அது கொழும்புமில்ல, தும்மலுமில்ல பிள்ள. இந்தக் கடை எரியக்குள்ள உள்ளுக்குப் போன உங்கட மாமாக்கு மேல கூரை இறங்கிற்று. ஆள் முடிஞ்சுது எண்டுதான் நாங்க எல்லாரும் நினைச்சம். உங்கட அம்மா அந்தா, அந்த லைட் போஸ்டடியில நிண்டவ. கயிறு கட்டி, தீயணைப்புக்குப் புதுசா வந்த ஒரு சின்னப் பொடியன் பிடிச்சிக்கொண்டு நிண்டான். காலில விழுந்து கேட்டும் அவன் விடல்ல. அந்தக் கயித்தப் பிடிச்சிக்கொண்டுதான், தம்பி தப்பினா தீ மிதிக்கிறன் எண்டு அம்மாளுக்கு நேந்தவ. மாமாவ ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அவட கைய அந்தக் கயித்தில இருந்து எடுக்க ஏலாமப் போச்சு."

மகனின் முடி பாதியில் நின்றது. அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, ஏனம்மா அழுறீங்க என்று கேட்டான். என் தலைக்கவசத்தின் மேல் நடுங்கியது எஞ்சின் இல்லை. அம்மா நெருப்புக்குள் இருந்து சிரித்தது என் மேற்சட்டையைப் பார்த்தும் இல்லை. தனக்காக அக்கா நெருப்பில் நடக்கிறாள் என்று தெரிந்த ஒரு மனிதரை, அவர் சொல்லித் தந்த சட்டத்தை வைத்தே நான் தடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் கயிற்றை விடக் கூடாது என்பது மட்டும்தான்.