சிவப்பு பலூனின் உயரம்

யுத்தம் முடிந்து, வெளியூர்க்காரர்கள் எங்கள் கடலை வந்து பார்த்து அதிசயிக்கத் தொடங்கியிருந்த காலம். எனக்கு ஒன்பது வயது. எத்தாளை ஊருக்கு அப்பால் எங்கள் கரையில் மூன்று மாடி ஹோட்டல் கட்ட ஊரின் சம்மதம் கேட்டு ஒருவர் வந்தார். கையோடு ஒரு பெரிய சிவப்பு பலூனையும் கொண்டுவந்திருந்தார்.

ஊருக்கு ஒரே கவலைதான். பள்ளிவாசல் மினாராவில் எரியும் பச்சை விளக்கைப் பார்த்துத்தான் இருட்டிய பின் தோணிகள் கடலடியில் பாறையாய்க் கிடக்கும் முருகைக்கல் பாருக்கு நடுவிலுள்ள வழியால் கரைக்கு வரும். கட்டடம் அதை மறைத்துவிடக்கூடாது. அதற்குத்தான் பலூன். கூரை வரப்போகும் உயரத்தில் அதைக் கயிற்றில் பறக்கவிடுவார்கள். கடலிலிருந்து ஒருவர் பார்த்து, அன்று பகலிலும் எரியவிடும் விளக்கு அதற்கு மேலே தெரிந்தால் சம்மதம். பார்ப்பதற்கு ஊர் தேர்ந்தெடுத்தது என் வாப்பாவை. கண்ணிலும் வாக்கிலும் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது அப்போதைய பேச்சு.

காலையில் பலூனை ஏற்றினார்கள். வாப்பா கடலுக்குப் போனார். ஹோட்டல்காரர் பிளேன்டீ குடிக்கப் போனார். பலூனும் நானும்தான் மிச்சம். ஒன்பது வயதுப் பிள்ளையை அப்படி ஒரு பலூனோடு தனியே விட்டவர்கள்மேல்தான் குற்றம் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மனது கேட்கவில்லை. கயிற்றை இழுத்து இழுத்து அதைக் கீழே இறக்கிக் கட்டிப்பிடித்தேன். அது மறுபடி மேலே ஏறிக்கொண்டிருந்தபோது யாரோ செருமுவது கேட்டது. அவசரத்தில் பாதிக் கயிற்றிலேயே முளையோடு முடிச்சுப் போட்டு, மீதியை மணலால் மூடிவிட்டு ஓடினேன். திரும்பி வந்த ஹோட்டல்காரர் அண்ணாந்து பார்த்தார். உயரம் குறைந்ததைக் கவனிக்கவில்லையோ, கவனித்தும் வாயைத் திறக்கவில்லையோ, தெரியாது.

மத்தியானம் பள்ளிவாசல் முற்றத்தில் வாப்பா, "விளக்கு நல்லாத் தெரியிது. ஒரு பயமும் இல்ல" என்றார். எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள்.

கட்டடம் எழும்பியது. மூன்றாம் மாடி வந்ததும் பச்சை விளக்கு மறைந்தது. போதாக்குறைக்கு மொட்டைமாடி முழுக்க வெள்ளை விளக்குகள். கடலிலிருந்து பார்த்தால் கண் கூசும். ஒரு நாள் மஃரிபு தொழுகை முடிந்து இருட்டிய பிறகு மாமாவின் தோணி வழி தவறிப் பாரில் மோதி உடைந்தது. நீந்திக் கரையேறியவர் ஈரத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், அண்டைக்கு நீங்க என்னத்தப் பாத்தீங்க?"

வாப்பா தன் தோளிலிருந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார். பதிலை ஊர் சொன்னது. அவருக்குக் கண் மங்கிவிட்டது என்றது பாதி ஊர். ஹோட்டல்காரன் ஆளை வாங்கிவிட்டான் என்றது மறு பாதி.

உம்மா அவரைப் புத்தளத்துக் கண் டொக்டரிடம் கூட்டிப்போனார். நானும் போனேன். டொக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டு, கண் இரண்டும் நன்றாக இருக்கின்றன, ஒரு குறையும் இல்லை என்றார். எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. வாப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"பரவாயில்ல டொக்டர். எனக்கு ஒரு கண்ணாடி தாங்க."

நல்ல கண்ணுக்கு எதற்குக் கண்ணாடி என்று பாலாவி வரும்வரை பஸ்ஸில் அவரைக் கேலி செய்துகொண்டே வந்தேன். அவர் அதைக் கடைசிவரை கழற்றவில்லை.

கண்ணில் குறை இல்லையென்றால் ஊர் அவரை என்னவென்று சொல்லும் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. விளங்கிய வயதிலும், மணலில் மூடிய கயிற்றைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.