பூச்சிக்கென்று நட்ட புகையிலை

நாற்பத்திரண்டு புகையிலைக் கன்றுகளை நட்டவள் நான்தான். உப்புவெளியில் எங்கள் வீட்டுப் பின்வளவில், மாரி மழை விட்டு மண் பதமாகக் கிடந்த ஒரு மாசி மாதத்துப் பின்னேரம், முழங்காலில் நின்று ஒவ்வொன்றாக நட்டேன். மிளகாய்ச் செடிக்குப் பூச்சிமருந்து செய்யத்தான் அந்தப் புகையிலை என்று என் கணவர் சொன்னார். நான் நம்பினேன். பேரப்பிள்ளை கண்ட வயதில் ஒரு மனுசி இப்படியும் ஏமாறுவாளா என்று கேட்டால், ஏமாறுவாள். எனக்கு அதில் வெட்கத்தைவிடக் கோபம்தான் கூட.

கதையை அவருடைய வாயிலிருந்துதான் தொடங்கவேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் வெற்றிலையும் புகையிலையும் போட்ட வாய் அது. வடக்கே புகையிலை விளைகிற ஊரில் பிறந்தவர். பால்குடி மறந்த கையோடு புகையிலை பழகியிருப்பீர்கள் என்று நான் அவரைப் பகிடி பண்ணுவேன். துறைமுகத்தில் படகு திருத்துகிற வேலைக்கு வந்தவர், என்னைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டார். பென்சன் எடுத்த வருஷம் இடது கன்னத்தின் உட்பக்கத்தில் வெள்ளையாக ஒரு படை தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வாய்க் கிளினிக் டொக்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

"ஐயா, புகையிலையை இண்டைக்கே விட்டா இது இப்பிடியே நிக்கும், சிலவேளை மாறியும் போகும். விடாட்டிப் புற்றா மாறும். பிறகு கன்னத்தை வெட்டவேண்டி வரும்."

வீட்டுக்கு வந்ததும் வெற்றிலைத் தட்டத்தைக் குப்பைக் கிடங்கில் போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவரைச் சல்லி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். சல்லி நான் பிறந்த ஊர். அந்த அம்மாளுக்கு முன்னால் பொய் சொல்ல எங்கள் ஆட்களுக்கு நெஞ்சு வராது. அவர் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, "இனிப் புகையிலை தொடமாட்டன்" என்று சத்தியம் பண்ணினார். கை சிவந்துவிட்டது. நான்தான் அதற்கு எண்ணெய் பூசிவிட்டேன். அன்றைக்கு என் மனம் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

பிறகு வந்தது, கடைகளில் உரமும் பூச்சிமருந்தும் கண்ணால் காணக் கிடைக்காத காலம். என் மிளகாயும் கத்தரியும் வெள்ளை ஈ விழுந்து இலை சுருண்டு நின்றன. ஊரெல்லாம் வீட்டுத்தோட்டம் செய் செய் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கு வழியில்லை. அப்போதுதான் இவர் சொன்னார், "எங்கட ஊரில புகையிலையை ஊறவைச்சு அந்தத் தண்ணியைத்தான் அடிக்கிறது. ஒரு பூச்சி மிஞ்சாது. கொஞ்சம் வளர்த்தா உமக்கு உதவும்." எனக்கு உதவுமாம். ஊரிலிருந்து தமையனின் மகன் வழியாக ஒரு சின்ன மருந்துப் போத்தலில் விதை வந்தது. விதையா அது, மூச்சு விட்டால் பறந்துவிடும் தூள். சாம்பலில் கலந்து நாற்று மேடையில் தூவச் சொன்னார். தூவினேன்.

மாசியில் கன்று நாலைந்து இலை விட்டு உள்ளங்கை அளவுக்கு வந்ததும், நடுகிற நாளைக் குறித்தவரும் அவர்தான். கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் முருங்கைக்குக் கீழே போட்டு இருந்தார். கைகள் இரண்டும் மடியில்.

"வந்து பிடுங்கித் தாங்கோவன்," என்றேன்.

"எனக்கு ஏலாது. சத்தியம் பண்ணினவன் நான். கன்றெண்டாலும் புகையிலைதானே. நீர்தான் நடவேணும்."

என்ன மனுசன் இவர் என்று நான் உருகிப்போனேன். கன்றைக்கூடத் தொடாமல் இருக்கிறாரே. பூசிய எண்ணெய் வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டு குனிந்தேன்.

மேடைக்கு முதலில் தண்ணீர் தெளித்து மண்ணை இளக்கினேன். ஈர்க்குத் துண்டால் அடியில் கிளப்பி, வேர் அறாமல் எடுத்தேன். "தண்டைப் பிடியாதையும், நசிஞ்சு போகும். இலையில பிடியும்," என்றார் கதிரையிலிருந்து. ஒன்றரை முழத்துக்கு ஒரு குழி. கன்றை இறக்கி, இரண்டு விரலால் சுற்றிவர அமத்தவேண்டும். "குருத்துக்குள்ள மண் விழாமப் பாரும். ஓம், அப்பிடித்தான். நல்ல கை உமக்கு." முப்பத்தைந்து வருஷத்தில் என் சமையலுக்குக்கூட இப்படி ஒரு வார்த்தை சொன்னவரில்லை. சொன்னபோது குரல் இளகி இருந்தது. ஊர் ஞாபகம் வந்துவிட்டது, பாவம் என்று நினைத்தேன். வெயில் படாமல் ஒவ்வொரு கன்றுக்கும் பூவரசங்குழை ஒடித்துக் குத்தி நிழல் வைத்தேன். முடிந்து எழும்பும்போது இடுப்பு நிமிரவில்லை.

எங்கள் கிணறு உவர். அந்தத் தண்ணீரைக் கன்றுக்கு ஊற்ற விடமாட்டேன் என்றார், இலை கெட்டுவிடுமாம். ஆகவே காலையும் பின்னேரமும் பக்கத்து வீட்டு நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தூக்கினேன். பக்கத்து வீட்டுக்காரி கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து வந்தவள், வாய்க்காரி, ஆனால் தங்கமான பிள்ளை. மூன்றாம் நாள் அவள் கிணற்றடியில் வைத்துக் கேட்டாள்.

"ஏன் அக்கா, பூச்சி சாகிறதுக்கும் நல்ல தண்ணிதான் வேணுமா? உங்கட கத்தரிக்கே நீங்க உப்புத் தண்ணிதானே ஊத்துற?"

"அவர் புகையிலை ஊரில பிறந்தவர். அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

"எனக்கு ஒண்டும் தெரியாது அக்கா. கேட்டன், அவ்வளவுதான்," என்று வாளியை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

அவளோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. என் மனுசனைச் சந்தேகப்பட இவள் யார் என்று எனக்குக் கோபம். அந்தக் கோபத்தை அன்றைக்கே கொஞ்சம் வீட்டுப் பக்கம் திருப்பியிருக்கலாம்.

கன்றுகள் ஒன்றும் பட்டுப்போகவில்லை. நாற்பத்திரண்டும் இடுப்புயரம் வந்து, முறம் மாதிரி இலை விரித்தன. பூ எட்டிப்பார்த்ததும் கிள்ளச் சொன்னார், பக்க முளையை ஒடிக்கச் சொன்னார். எல்லாம் செய்தேன். முற்றிய இலைகளை ஒடித்துக் கட்டிச் சாக்கில் போட்டுக் கொடுத்தேன். தன் கூட்டாளியின் படகுக் கொட்டிலில் புகை போட்டுக் காயவைக்கலாம், வீட்டில் நாறும் என்று சொல்லிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். "சாக்கைத்தானே பிடிக்கிறன், இலையைத் தொடேல்லையே," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கடைசியில் எனக்கு வந்து சேர்ந்தது அடியிலையும் தண்டும் ஒரு பை. அதை ஊறவைத்து அடித்தேன். வெள்ளை ஈ செத்தது உண்மை. மிளகாய் துளிர்த்தபோது அவரைப் பற்றி நான் புகழ்ந்து சொல்லாத ஆள் இல்லை.

அடுத்த மாசியிலும் நட்டேன். அதற்கிடையில் கிளினிக்குக்கு அவர் தனியாகவே போய்வந்தார். "வெயிலுக்குள்ள நீர் ஏன் அலையிறீர்" என்பார். வந்து, படை குறைகிறதாம் என்பார். எப்போதும் வாயில் கராம்பு. புகையிலை ஆசையை அடக்கத்தான் என்றார். அந்தக் கராம்பையும் சந்தையில் நல்லதாகப் பார்த்துத் தெரிந்து வாங்கிக் கொடுத்தவள் நான். என் தலையில் மிளகாய் அரைக்க அம்மியும் நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

போன வருஷம் ஒருநாள் மத்தியானம் சோற்றைக் குழைத்து வாய்க்குக் கொண்டுபோனவர், வாய் திறக்க ஏலாமல் அப்படியே வைத்துவிட்டார். இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத்தான் வாய் திறந்தது. "இண்டைக்கு நான் வாறன்" என்று சொல்லி, உடுத்த சீலையோடு கிளினிக்குக்குக் கூடவே போனேன்.

டொக்டர் புதியவர், இளம் பிள்ளை. லைட் அடித்துப் பார்த்தாள். பார்த்தவள் முகத்தை என்னால் வாசிக்க முடிந்தது.

"ஐயா இன்னும் புகையிலை போடுறீங்களா?"

அவர் நிலத்தைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். "இல்லை டொக்டர். கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணினவர். ரெண்டு வருஷத்துக்கு மேலாச்சு."

அவள் பஞ்சை எடுத்துக் கன்னத்துக்குள்ளே துடைத்து வெளியே எடுத்தாள். பஞ்சு கபிலமாக வந்தது. அதை எனக்கு நேரே பிடித்தாள்.

அப்போதுதான் அவர் வாய் திறந்தார். "கடைச் சாமான் இல்லை டொக்டர். வீட்டில விளைஞ்சது, மருந்தொண்டும் போடாதது. இவதான் கன்று நட்டவ."

டொக்டர் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். புருசனுக்கு நஞ்சை வளர்த்துக் கொடுத்த மனுசியைப் பார்க்கிற பார்வை. இல்லை பிள்ளை, பூச்சிக்கு என்று சொன்னவர் பிள்ளை என்று சொல்ல வாய் எடுத்தேன். வெளியே வரவில்லை. நட்டது நான்தானே. தண்ணீர் சுமந்ததும் நான்தானே. கன்னத்தில் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "களவாப் போடுறதெண்டா எங்கயாவது வாங்கிப் போட்டிருக்கலாமே. என்னைக் கொண்டு ஏன் நடுவிச்சனீங்கள்?"

அவர் பஞ்சு வைத்த கன்னத்தோடு, யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் தேடி வாங்கினா முழுக் குற்றமும் என்ர தலையில. நீர் நட்டுத் தந்ததெண்டா அம்மாள் ரெண்டுபேருக்கும் பாதி பாதியாப் போடுவா எண்டு நினைச்சனான்."

நான் எழும்பிப் பின் சீற்றில் போய் இருந்தேன். ஆசையை அடக்க ஏலவில்லை என்றால் அது மனுசக் குணம், அதை மன்னித்திருப்பேன். களவாகப் போட்டதையும் மன்னித்திருப்பேன். சத்தியம் பண்ணின கையை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல கை உமக்கு என்று சொல்லிச் சொல்லி, தன் பாவத்தில் பாதியை என்னைக் கொண்டு நடுவித்திருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் பக்கத்தில் படுத்த மனுசன். அன்றைக்கு அழுகை வரவில்லை.

பரிசோதனை முடிவு வந்தது. புற்றுதான். கன்னத்தையும் தாடையில் ஒரு பகுதியையும் எடுக்கவேண்டும் என்றார்கள். கூடவே போனேன், வார்ட்டில் இருந்தேன், கஞ்சி வடித்துக் கொடுத்தேன். விட்டுவிட்டுப் போக எனக்கு ஏலாது. கோபம் மட்டும் என்னோடேயே இருந்தது.

ஒப்பரேசனுக்கு முதல் நாள் காலையில் ஒரு நேர்ஸ் படிவம் கொண்டுவந்தாள். ஆபத்து எல்லாம் வாசித்துக் காட்டி, சம்மதம் என்றால் கையெழுத்து வையுங்கள் என்று அவரிடம் கொடுத்தாள். அவர் பேனையை வாங்கினார். படிவத்தையும் பேனையையும் என் பக்கம் நகர்த்தினார்.

"நீர் வையுமன். எனக்குக் கை நடுங்குது."

"நடுங்கட்டும்," என்றேன். "நீங்களே வையுங்கோ."

நேர்ஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்க்கட்டும். அவர் கனநேரம் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் கையை நீட்டவில்லை. பிறகு குனிந்து, கோணல்மாணலாக, தன் பெயரை எழுதினார்.