டீக்கு முன்னால் ஒரு சொட்டு

நான் போக ஆசைப்பட்டது தான்சானியாவுக்கு. போய் நின்றது அனுமந்தன்பட்டி ஜீப் ஸ்டாண்டில்.

அப்போது தேனியில் சமூகப்பணி முதுகலை கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரிக்கும் கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. தான்சானியா மாதிரி வேறொரு நாட்டுக்குப் போய்ச் சுகாதாரத் தொண்டு செய்தால் அதையும் படிப்பில் சேர்த்து க்ரெடிட் கொடுப்பார்கள். ஊர் பார்க்கலாம், நாலு பேருக்கு நல்லது செய்யலாம், மார்க்கும் வரும். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அறிவிப்பு ஒட்டிய அன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிட்டு, ஆப்பிரிக்கா போக என்னென்ன தடுப்பூசி வேண்டும் என்று படிக்க ஆரம்பித்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்த வருஷம் இங்கிருந்து யாரும் போகவில்லை, அங்கிருந்துதான் ஒரு பெண் வருகிறாள் என்று.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறாத," என்றார் எங்கள் துறைத்தலைவி. "நீ வெளிநாடு போகாட்டி என்ன, வெளிநாடு உன்னத் தேடி வருதுல்ல. அந்தப் பிள்ளகூட நின்னு வேல பாரு. ரெண்டு பேருக்கும் ஒரே ப்ராஜெக்ட், ஒரே க்ரெடிட்."

இப்படித்தான் நான் பிறந்து வளர்ந்த கம்பம் பள்ளத்தாக்கு இன்னொருத்திக்கு வெளிநாடு ஆனது.

அவளுக்கு என் வயதுதான். நல்ல உயரம், எதற்கும் சட்டென்று சிரித்துவிடுவாள். உத்தமபாளையத்தில் கல்லூரி எடுத்துக் கொடுத்த மாடி வீட்டில் நாங்கள் இருவரும் தங்கினோம். முதல் நாள் சாயங்காலம் மொட்டை மாடியில், காற்று தட்டைத் தூக்கிவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டபடி, தன் நிலைமையைச் சொன்னாள். இதுதான் அவளுக்குக் கடைசிப் பாடம். இந்த க்ரெடிட் கிடைத்தால் கூடப் படித்தவர்களோடு பட்டம். கிடைக்காவிட்டால் இன்னொரு வருஷம் உட்கார வேண்டும். அவளுக்காக ஒரு மருத்துவமனையில் பேசி வைத்திருந்த வேலை அதுவரை காத்திருக்காது. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் ஊறுகாயைத் தொடவே இல்லை, மறந்துவிட்டாள்.

வேலை இதுதான்: ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்களில் யாருக்காவது தெரியாமலே சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸம்மாவை எங்களோடு அனுப்பினார்கள். காலை பத்து மணிக்குச் சமுதாயக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தோம். ரேஷன் கடைக்கு வந்தவர்கள் வந்தார்கள். வேலைக்குப் போகாத ஆண்கள் வந்தார்கள், வந்தவர்களே மறுநாளும் வந்தார்கள். தோட்டத்துக்குப் போகிற பெண் ஒருத்திகூட வரவில்லை. வருவதற்கு அவர்கள் ஊரில் இருந்தால்தானே? விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலையேறிக் கேரளாவுக்குப் போய்விடுகிறார்கள். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும்.

"அப்படியென்றால் நாம் ஜீப் ஸ்டாண்டுக்குப் போவோம்," என்றாள் அவள். "அவர்கள் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுபோய் மலையில்தானே சாப்பிடுகிறார்கள்? வெறும் வயிற்றில் எடுக்கிற சோதனைக்கு இதைவிட நல்ல நேரம் எது?"

எனக்கு அந்த யோசனை அவ்வளவு பிடித்துப்போனது. மறுநாள் அதிகாலை ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டோம்.

ஸ்டாண்டில் டீக்கடை ஒன்றுதான் வெளிச்சம். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிய பெண்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். இவளைப் பார்த்ததும் மலையாளத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் தமிழ் தெரியாத ஆள் என்றாலே மலையாளம் தெரிந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. இவளும் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். "சேச்சி பாவம், நல்ல பிள்ள," என்று முடிவு செய்துவிட்டார்கள்.

கேட்பது என் வேலை, விரலில் குத்துவது நர்ஸம்மா வேலை, எழுதுவது அவள் வேலை.

"காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களாக்கா?"

"இந்நேரத்துல என்னத்தச் சாப்பிட, ஆத்தா? வெறும் வயிறுதேன்."

எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். நானும் அப்படியே அவளிடம் சொன்னேன். மீட்டரில் மட்டும் ஒன்று மாற்றி ஒன்று கூடுதலாகவே வந்தது. அன்றைக்கு மதியம் அவள் அதையெல்லாம் இரண்டு தடவை தொகுத்துப் பார்த்தாள். பிறகு, இந்த ஊரில் யாருமே கவனிக்காத ஒன்றை நாம் கண்டுபிடித்திருக்கிறோம் என்றாள். அவளுடைய பேராசிரியருக்கு அனுப்பினாள். மிக முக்கியமான வேலை என்று உடனே பதில் வந்தது. நான் மனசுக்குள் கட்டுரையே எழுதி, கீழே என் பெயரையும் போட்டுவிட்டேன்.

கூடுதலாக வந்தவர்களில் ஓர் அக்கா இருந்தார். ஜீப்பில் எப்போதும் முன்சீட்டு அவருக்குத்தான், வாய் அப்படி. சர்க்கரை இருக்கும் போலிருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் கொடுத்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள் என்று நர்ஸம்மா சொன்ன அன்றைக்கு மட்டும் முன்சீட்டைக் கேட்காமல் பின்னால் ஏறிக்கொண்டார். சில நாள் கழித்து அவராகவே வந்து விரலை நீட்டினார்.

"இன்னொருக்க குத்துங்க, பாப்போம்."

குத்தினால், எந்தக் குறையும் இல்லாத அளவு. நர்ஸம்மா மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு விரலில் எடுத்தார். அதேதான். என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேள் என்றாள் என் கனடாக்காரி.

"மருந்தா? யார் குடுத்தா மருந்து? டீய நிப்பாட்டிட்டேன்."

"எந்த டீயக்கா?"

"எந்திரிச்சதும் குடிக்கிற டீதேன். சீனி கிடக்குல்ல அதுல."

"மொத நாளு குத்தயில, அந்த டீயக் குடிச்சிட்டா வந்தீக?"

"குடிக்காம? வெறும் வயித்துல ஒரு டீ குடிக்கலன்னா வளைவுல ஜீப்பு திரும்பயில தல சுத்தும்."

நான் திரும்பி வரிசையைப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு கிளாஸ். தூக்கலாகச் சீனி போட்ட, ஆவி பறக்கிற கிளாஸ். என் கையிலும் ஒன்று, பாதி குடித்தது. சற்று முன்னால்தான் அம்மாவுக்குப் போன் செய்து, இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லியிருந்தேன். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் டீயைச் சாப்பிட்ட கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு விளக்கிச் சொன்னேன். டீக்கடை பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள்.

"எடுத்தது எல்லாமே வீணா?"

"எல்லாமேதான்."

நான் க்ரெடிட்டைப் பற்றித்தான் பேசுவாள் என்று நினைத்தேன். அவள், இந்த அக்கா இத்தனை நாள் எப்படி இருந்தார் என்று கேள் என்றாள். கேட்டேன்.

"எப்பிடி இருப்பேன்? சோறு எறங்கல. வீட்டுலயும் யார்கிட்டயும் சொல்லல," என்றார் அக்கா. பிறகு, "அப்ப எனக்கு ஒண்ணுமில்லேல்ல?" என்று நர்ஸம்மாவைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. போய் டீயக் குடி," என்றார் நர்ஸம்மா.

அறைக்குத் திரும்பியதும் பேராசிரியருக்கு நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினாள். முன்னால் உடனே வந்த பதில் இந்தத் தடவை வரவில்லை. அவள் ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம்தான் இருந்தது. திரும்ப முதலிலிருந்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

டீ மாஸ்டரிடம் போனேன்.

"டீயக் குடுக்காதங்கிறியா? கடையப் பூட்டிட்டுப் போன்னு சொல்லிரு, தாயி," என்றார்.

"குடுக்க வேணாம்னு யார்ண்ணே சொன்னது? ரத்தம் எடுத்த பெறகு குடுங்கன்னுதேன் சொல்றேன்."

பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டார். பிறகு, "அப்ப விரல்ல பஞ்சு இருந்தாத்தேன் டீ. சரியா?" என்றார். இப்படி ஒரு சட்டம் எனக்குத் தோன்றியிருக்காது. எங்களைவிட அவர்தான் அதில் கறாராக இருந்தார். வீட்டிலேயே டீ போட்டுக் குடித்துவிட்டு வருகிறவர்களுக்காக, சாயங்காலம் ஜீப் இறங்குகிற இடத்தில் நின்று ஒவ்வொரு ஜீப்பிலும் சொன்னோம்.

"டீயக் குடிக்கக் கூடாது. தண்ணி குடிக்கலாமா, அதுக்கும் கனடாவுல கேக்கணுமா?" என்றார் முன்சீட்டு அக்கா. ஜீப்பே சிரித்தது. ஆனால் மறுநாள் மற்றவர்களை வரிசையில் நிறுத்தியதும் அவர்தான்.

டீ குடிக்காத ஒரு ஜீப் ஸ்டாண்டை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒருத்தர் முகத்திலும் களை இல்லை. எல்லோருக்கும் தலைவலி, எல்லோருக்கும் கோபம். அதனாலேயே வரிசை ஓடியது. டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தான்.

"ஏலே, சும்மா இரு. ஒனக்கும் குத்திருவாக," என்று யாரோ சொல்ல, ஹாரன் நின்றது.

முன்பு கூடுதலாக வந்த பலருக்கு இப்போது சரியாக இருந்தது. சிலருக்கு மட்டும் டீ குடிக்காமலும் ஏறித்தான் இருந்தது. அவர்களை நர்ஸம்மா விடவில்லை. தோட்டத்தில் வேலையில்லாத நாள் பார்த்துத் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் கொடுக்க வைத்தார். இந்தத் தடவை பயமுறுத்தியதாக யாரும் எங்களைத் திட்டவில்லை.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் பேராசிரியர் வீடியோவில் வந்தார். துறைத்தலைவி அறையில் மூவரும் ஒரே லேப்டாப்புக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். முதலில் எடுத்தது எதையும் சேர்க்க முடியாது, செய்வதாகச் சொன்ன அளவில் பாதி ஆட்கள்கூட இல்லை என்று ஆரம்பித்தார். அவள் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். அவள் முன்சீட்டு அக்காவைப் பற்றிச் சொன்னாள். பிறகு பேராசிரியர் என்னைப் பார்த்து, நாளைக்கு இதையே புதிதாகத் தொடங்கினால் முதல் கேள்வியாக என்ன கேட்பாய் என்றார்.

"எழுந்ததிலிருந்து என்னென்ன வாயில் போட்டீர்கள் என்று கேட்பேன், சார். சாப்பிட்டீர்களா என்று கேட்கவே மாட்டேன்," என்றேன்.

அவர் சிரித்தது ஒரு நொடி தாமதமாகத்தான் எங்களுக்குக் கேட்டது. அதையும் சேர்த்து அறிக்கையில் எழுதுங்கள், க்ரெடிட் உண்டு என்றார்.

"அவுகளே குடுத்துட்டாக. நாம மாட்டோம்னா சொல்லப்போறோம்?" என்றார் துறைத்தலைவி என்னிடம். என் தோழி அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாகவே செய்தாள்.

மறுநாள் மதியம் மதுரையில் அவளுக்கு விமானம். அதிகாலையில் ஸ்டாண்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவோம் என்று போனோம். க்ரெடிட் என்றால் என்ன என்று நான் ஜீப் ஓரமாக நின்று விளக்கினேன்.

"அதாவது மார்க்கு," என்றார் முன்சீட்டு அக்கா. "எங்க டீய நிப்பாட்டுனதுக்கு ஒங்களுக்கு மார்க்கு."

"அப்பிடியும் சொல்லலாம்க்கா."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்குந்தேன்."

கிளாஸை டிரைவரிடம் நீட்டிக் கடையில் கொடுக்கச் சொன்னார். "அடுத்த வருசம் வேற யாருக்கும் மார்க்கு வேணும்னா இங்கன அனுப்பு. எங்களுக்குப் பழகிருச்சு."

ஜீப் கம்பம் ரோட்டில் திரும்பும்போது, என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவளுக்கு அடுத்த வருஷ மாணவர்களில் இரண்டு பேர், இங்கே வரலாமா என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.