தானாக ஓடிய கார்

என் கணவரும் சுவரை ஒட்டிய வீட்டில் இருக்கும் அவர் தம்பியும் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாடுவார்கள். ஓரவஞ்சனை என்ற பேச்சு வரக்கூடாதென்று, ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் இருவருக்கும் ஒரே மாதிரி வயர்லெஸ் கன்ட்ரோலராக நான்தான் தேர்ந்தெடுத்தேன். இரண்டையும் பிரித்து, சந்தனம் குங்குமம் வைத்து, எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் வைத்தோம்.

மறுநாள் இவர் எதை அழுத்தியும் திரையில் கார் நகரவில்லை. சலித்துப்போய்க் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். கார் தானாக ஓடியது.

"ஏட்டி, நான் தொடவே இல்ல, இது எங்க போவுது?"

வைரஸா, வேறு ஏதாவதா என்று நான் ஸ்விட்சை அணைக்கப் போனேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தம்பியின் குரல்.

"அண்ணே, எம்புட்டு அமுக்கினாலும் என் கார் நகர மாட்டேங்குது."

கன்ட்ரோலரோடு வந்த, கம்ப்யூட்டரில் செருகும் குட்டி ரிசீவர்கள் பூஜையில் வீடு மாறியிருந்தன; தம்பி அமுக்கியதில்தான் எங்கள் கார் ஓடியிருக்கிறது.

இப்போது இரண்டு வீட்டுக்கும் எதையும் வேறு வேறு நிறத்தில்தான் வாங்குகிறேன். ஓரவஞ்சனை என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் காரை நாங்கள் ஓட்டினால் போதும்.