கடைசியாக வந்தவர் பெயர் முதலில்

நான்கு தெருநாய்களின் சிநேகிதம். எட்டு வருடமாக யார் தட்டியும் திறக்காத ஒரு மாடிவீட்டுக் கதவு. தட்டைப் பாதத்தை வைத்துக்கொண்டு பதினாறு முறை ஓடி முடித்த ஏழு பாலம் ஓட்டம், அதில் ஒன்பது முறை கடைசி இடம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெரிய நிறுவனம் வக்கீல் வைத்துக் கேட்டும் கையைவிட்டுப் போகாத ஓர் இணைய முகவரி. மீட்டர் இதுவரை ஜெயித்தவை இவை. இதில் எதையும் அவன் ஜெயிப்பான் என்று அக்காவைத் தவிர யாரும் சொன்னதில்லை.

அவன் வீடுவீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதுகிறவன். அதனால் தெருவே அவனை மீட்டர் என்றுதான் கூப்பிடுகிறது. முழங்காலிட்டு, மூடியைத் திருப்புளியால் நெம்பி, கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்து, எண்ணை இரண்டு தடவை வாய்விட்டுப் படிப்பான். பிறகு ஓர் எண்ணுக்கு ஒரு கட்டம் என்று அட்டையில் எழுதுவான். முன்னால் நிற்கும் பூஜ்யச் சுழியைக்கூட விடமாட்டான். மற்றவர்கள் ஒரு பார்வையில் தாண்டிப் போகிற வீட்டில் அவன் மூன்று நிமிடம் எடுத்துக்கொள்வான். மூன்று நிமிடம் என்று நாம் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டான். "ரெண்டு அம்பத்தெட்டு" என்பான்.

அக்கா அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்றவள். சீருடை தைக்கும் கூடத்தில் தையலைச் சரிபார்க்கிறாள். ஒரு பிசிறு தொங்கினாலும் சட்டை திரும்பிப் போகும். வீட்டுக் காகிதங்களையும் அப்படித்தான் வைத்திருக்கிறாள். வருடத்துக்கு ஒரு கட்டு, ஒவ்வொரு கட்டுக்கும் துணிக்கரையில் கிழித்த ஒரு நாடா. "நீ செத்தா உன்னையும் நாடா கட்டித்தான் எடுத்துட்டுப் போவாங்க" என்று மீட்டர் கிண்டல் செய்வான். அவள் அடுத்த முடிச்சைப் போடுவாள். அவனுடைய பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியல் எந்தக் கட்டில் இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஓட்டக் கதை அவனுடைய பதினைந்தாவது வயதில் தொடங்குகிறது. முதல் தடவை ஓடினான், ஏழு பாலங்களையும் தாண்டி, கடைசி ஆளாக வந்து சேர்ந்தான். அன்று சாயங்காலம் அறிவிப்புப் பலகையில் முதல் நூறு பேரின் பெயர்தான் ஒட்டியிருந்தது. அவன் பலகையின் பின்பக்கமும் போய்ப் பார்த்தான். வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது, "அப்ப நான் ஓடவே இல்லையாக்கா?" என்று கேட்டான்.

மறுநாளே ஏழு பாலம் என்ற பெயரில் ஓர் இணைய முகவரி பதிவானது. வயது வராததால் அக்கா பெயரில் வாங்கினார்கள். ஓடிய எல்லாருடைய பெயரும் நேரமும் அதில் வரும், தலைகீழாக. கடைசியாக வந்தவர் முதல் வரியில், வென்றவர் அடியில். ஏன் இப்படி என்று கேட்டால் மீட்டருக்கு ஒரே பதில்தான்: "முதல்ல வந்தவனுக்கு ஊரே சொல்லிடும். கடைசியா வந்தவங்கதான் தேடுவாங்க. அவங்களை ஏன் கீழ வரைக்கும் இழுத்தடிக்கணும்?"

மூன்று மணி நேரம் ஆனதும் முடிவுக்கோட்டின் வளைவைக் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்களின் நேரத்தை மீட்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வான். அவனே வழியில் இருந்தால் அக்கா நோட்டோடு நிற்பாள். இரண்டாவது ஓட்டத்திலிருந்து பதினைந்து தடவை நின்றிருக்கிறாள். அவனுடைய ஒன்பது கடைசி இடங்களில் குறைந்தது நான்கு அவனாகவே விட்டுக்கொடுத்தவை என்பது அவள் சந்தேகம். யாராவது நொண்டிக்கொண்டு வந்தால் அவர்கள் பின்னாலேயே இவனும் வருவான். கேட்டால் தட்டைப் பாதம் என்று காலைக் காட்டுவான்.

ஓட்டத்தை முதலில் நடத்தியது ஓர் ஓட்டக் குழு. பத்து வருடத்துக்கு முன் அதை ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. அடுத்த வருடமே பெயரையும் வணிக முத்திரையாகப் பதிவு செய்தது. முதலில் நயமாகத்தான் எழுதினார்கள்: முகவரியைக் கொடுத்துவிட்டால் வருடந்தோறும் பத்துப் பேருக்கு இலவச அனுமதி. மீட்டர் யோசித்துப் பார்த்து, பதினோராவது ஆளை என்ன செய்வது என்று திருப்பி எழுதினான். அதன் பிறகு நயம் நின்றுபோனது. இணைய முகவரித் தகராறுகளைத் தீர்க்கும் மன்றத்துக்கு நாற்பது பக்கப் புகார் போயிற்று. பதில் தர இருபது நாள். நேரில் விசாரணை கிடையாது, எல்லாமே காகிதத்தில். தோற்றால் முகவரி நிறுவனத்துக்குப் போய்விடும், பதினாறு வருடத்துப் பெயர்களும் அந்த முகவரியில் இருக்காது.

மீட்டர் மாதாமாதம் அளவெடுக்கிற ஒரு வீட்டில் வக்கீலம்மா ஒருவர் இருக்கிறார். எட்டு வருடம் திறக்காத மாடிக் கதவு அவருடையதுதான். ஒருநாள் அவர் வீட்டுக் குழாய்க் கசிவை எண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துச் சொன்ன பிறகு திறந்தது. அக்காவும் தம்பியும் நாற்பது பக்கத்தோடு போய் நின்றார்கள். அவர் படித்துவிட்டு மூன்று விரலை நீட்டினார்.

"மூணு விஷயத்தை அவங்க நிரூபிக்கணும் தம்பி. உன் முகவரியும் அவங்க முத்திரையும் ஒண்ணு, இது முதல். அந்தப் பேர் மேல உனக்கு எந்த உரிமையும் இல்ல, இது ரெண்டாவது. கெட்ட எண்ணத்தோடதான் பதிவு பண்ணி வச்சிருக்கே, இது மூணாவது. முதலாவது அவங்களுக்குத்தான். ஆனா மூணுல ஒண்ணு விழுந்தாலும் நீ ஜெயிச்சே. முத்திரை வந்து ஒன்பது வருஷம். உன் முகவரி?"

"பதினாறாவது வருஷம் நடக்குது மேடம்."

அவர் முகம் மலர்ந்தது. பதிவு விவரத்தைக் கணினியில் பார்த்ததும் அது வாடியது. "இது உன் பேருக்கு வந்து ஏழு வருஷம்தானே ஆகுது?"

அது சரிதான். ஏழு வருடத்துக்கு முன் மீட்டருக்கு வேலை நிரந்தரமானது. அந்தச் சந்தோஷத்தில், இனி இது உன்னுடையது என்று முகவரியை அவன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தவள் அக்காதான். உரிமையாளர் மாறினால் புதிதாகப் பதிவு செய்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்றார் வக்கீலம்மா. அந்தக் கணக்கில் முத்திரை முந்தியது, மீட்டர் பிந்தியவன். முத்திரை வந்தது தெரிந்தே பெயரைப் பிடித்துக்கொண்டவன் என்று புகாரில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது.

படியிறங்கும்போது, பேசாமல் தன் பெயரிலேயே விட்டுவைத்திருக்கலாம் என்று அக்கா ஆரம்பித்தாள். அவன் முடிக்க விடவில்லை.

"நீ குடுத்ததுக்கா அது. அதைத் தப்புன்னு யாரும் எழுத விடமாட்டேன்."

முதல் நாளிலிருந்து நடத்துகிறவன் அவனேதான் என்று காட்ட, அந்தக் காலத்துக் காகிதம் ஒன்று வேண்டும். மறுநாள் விடுமுறை. அக்கா பரணிலிருந்து அந்த வருடத்துக் கட்டை இறக்கி நாடாவை அவிழ்த்தாள். மின்சார ரசீது, காய்ச்சல் மாத்திரைச் சீட்டு, அதற்கடியில் பழுப்பேறிய ஒரு படிவம். முகவரி வாங்கிக்கொடுத்த கணினிக் கடையுடையது, முதல் ஓட்டத்துக்கு மறுநாள் தேதி போட்டது. உரிமையாளர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து. அதற்குக் கீழே, தளத்தை நடத்துபவர் என்ற இடத்தில், கோட்டுக்கு மேலும் கீழும் வழிந்த இன்னொன்று. படிவத்தைத் திருப்பினாள். பின்பக்கம் முழுக்க அதே பெயர், பதினோரு தடவை. கையெழுத்து என்றால் எப்படிப் போடுவது என்று பதினைந்து வயதில் அவன் கடைக்காரர் மேசையில் பழகிப் பார்த்தவை. பன்னிரண்டாவதைத்தான் முன்பக்கம் போட்டிருந்தான். அவள் கத்திய கத்தலில் மீட்டர் குளியலறையிலிருந்து நுரையோடு ஓடிவந்தான்.

பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்பலாம் என்றார் வக்கீலம்மா. மீட்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அது வேண்டாம் மேடம், சின்னப்பய கிறுக்கல்."

"அந்தக் கிறுக்கல்தான்பா சாட்சி. கெட்ட எண்ணக்காரன் எவனாவது பதினோரு தடவை பழகிப் பார்ப்பானா?"

பதிலோடு பதினாறு வருடப் பட்டியலும் அக்காவின் பதினைந்து நோட்டும் படமெடுக்கப்பட்டுப் போயின. பதினெட்டாம் நாளே அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அக்கா கூடத்தில் இரண்டு சட்டையைப் பிசிறோடு விட்டுவிட்டாள். அவள் வேலைக் காலத்தில் அப்படி நடந்ததே இல்லை.

முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. வக்கீலம்மா அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார், அக்கா மீட்டரைக் கூப்பிட்டாள். மூன்று தடவை மணி அடித்தும் எடுக்கவில்லை. மீட்டர் குழிக்குள் தலையைவிட்டு எண்ணை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தான். எழுதி முடித்து, மூடியைப் போட்டுவிட்டுத்தான் எடுத்தான். அக்கா தான் எழுதி வைத்திருந்ததை ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். உரிமையாளர் பெயர் அக்காவிடமிருந்து தம்பிக்கு மாறியிருக்கிறது, நடத்துபவர் முதல் நாளிலிருந்து மாறவில்லை. கடைசி ஆளிலிருந்து தொடங்கும் ஒரு பட்டியலை நிறுவனத்தின் சொந்தத் தளம் என்று யாரும் நம்பப்போவதில்லை. கெட்ட எண்ணம் நிரூபிக்கப்படவில்லை. புகார் தள்ளுபடி.

அந்தப் பக்கம் நாய்கள் குரைப்பது கேட்டது. மீட்டர் தட்டைப் பாதத்தோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தான், நாலு நாய்களும் அவன் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தன. எங்கேடா ஓடுகிறாய் என்று கேட்டாள். "தெரியலக்கா" என்றான் மூச்சிரைக்க.

சாயங்காலம் அக்கா படிவத்தை மறுபடி கட்டில் வைத்து நாடாவை முடிச்சுப் போடப் போனாள். மீட்டர் கட்டை வாங்கிக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து வேலைக்கு வைத்திருக்கும் பேனாவை எடுத்தான். மேலட்டையில் வெறும் வருடம் மட்டும் எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தான். வேலை அட்டையில் போடுவதுபோலவே எட்டுக் கட்டம் போட்டான். ஒரு கட்டத்துக்கு ஓர் எண்ணாக, முன்னால் நிற்கும் சுழியையும் விடாமல், படிவத்துத் தேதியை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு எழுதினான்: 18-08-2008.