டக் பிடித்த பாவாடைகள்

துணி எதுவானாலும் ஆதிநாராயணன் முதலில் உட்புறத்தைத்தான் பார்ப்பார். கடைக்கு வந்தவர் போட்டிருக்கும் சட்டையாக இருந்தாலும் சரி, பேச்சோடு பேச்சாக அதன் கீழ்விளிம்பைத் திருப்பி, தையல் எப்படி ஓடியிருக்கிறது என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிடுவார். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் ஜிப்பாவை அப்படித் திருப்பிவிட்டார். பரிமாறிக்கொண்டிருந்த ஆதிநாராயணனின் மனைவி ஜெயம் குனிந்து, "கையை சோத்துல வையுங்க" என்றாள். செஞ்சிக் கடைத்தெருவில் எல்லோருக்கும் பழகிப்போன வழக்கம் அது. யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கடை சிறியது. முன்பக்கம் துணி அலமாரி, பின்பக்கம் இரண்டு தையல் மிஷின்கள். துணி வெட்டுவது அவர் வேலை. தைப்பதற்கு செல்லப்பனும் இன்னொருவரும் இருந்தார்கள். அறுபத்து மூன்றாம் வருடம் பெண்கள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் தைத்துக் கொடுப்பதென்று முடிவானது. அந்த வேலை ஆதிநாராயணனிடம் வந்தது. அவருடைய கடைக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை அதுதான்.

விழாக் கமிட்டியில் இருந்த ராஜாராம் அன்று மாலையே கடைக்கு வந்தார். அவருடைய மைத்துனனும் தையல்கடை வைத்திருந்தான்.

"ரெண்டு மிஷினை வச்சிக்கிட்டு எப்பிடிப்பா முடிப்பே?"

"முடிச்சிடுவேன் அண்ணே."

"வெளிய குடுக்கறதா இருந்தா இப்பவே சொல்லிடு. அதுக்கு எங்க மச்சான்கிட்டயே குடுத்துட்டுப் போலாம்."

"அதெல்லாம் இல்லண்ணே."

வேலையை வெளியே கொடுத்து வாங்குபவன் கடைக்காரனே இல்லை, தரகன் என்பது அந்தத் தெருவின் எண்ணம். ஆதிநாராயணனும் அப்படி நினைத்தவர்தான். ஆனால் துணி வெட்டி முடித்து மலைபோலக் குவிந்ததும் அவருக்குத் தூக்கம் போனது. செல்லப்பன்தான் வழி சொன்னான்.

"சிங்கவரம் காலனியில மீனம்பாள்னு ஒரு பொம்பளை இருக்குது. மாதர் சங்கத்துல தையல் கத்துக்கிட்டு, சொந்தமா மிஷினும் வாங்கி வச்சிருக்குது. பாவாடையெல்லாம் அதுகிட்ட தள்ளிவுட்டா சட்டைய நாம பாத்துக்கலாம்."

"காலனியிலயா?"

"ஏன், மிஷினு ஜாதி கேட்டுட்டா ஓடுது?"

ஆதிநாராயணன் மறுநாள் விடிந்ததும் மூட்டையைக் கட்டி செல்லப்பனின் சைக்கிளில் ஏற்றினார். துணி போகட்டும், வரட்டும், ஆள் கடைக்கு வரவேண்டாம் என்று மட்டும் சொன்னார். எப்படித் தைக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பத் தோன்றவில்லை. பாவாடைக்கு என்ன சொல்ல இருக்கிறது?

ஒரு வாரத்தில் மூட்டை திரும்பி வந்தது. ஆதிநாராயணன் மேலாக இருந்த ஒன்றை எடுத்து உட்புறம் திருப்பினார். எறும்பு வரிசை மாதிரி தையல் ஓடியிருந்தது. பிசிறு இல்லை, கோணல் இல்லை. கீழே, வழக்கம்போல, இரண்டு டக். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடுவதற்காகப் பாவாடையை மடித்துத் தைத்து வைக்கிற அந்த மடிப்பை அவர் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறார். அவர் வீட்டில் அக்கா தங்கைகள் போட்டது, மகள் போட்டது எல்லாமே டக் பிடித்த பாவாடைகள்தான். அதனால் அது அவர் கண்ணில் பட்டும் படவில்லை. "நம்ம கடையில கூட இப்பிடி விழாது" என்று செல்லப்பனைச் சீண்டிவிட்டு, மூட்டையை அப்படியே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

அவர் வெட்டிக் கொடுத்தது ஒவ்வொரு பிள்ளைக்கும் நேராக எடுத்த அளவு. வளர்வதற்கென்று அதில் ஒரு விரற்கடை கூட அதிகம் விட்டிருக்கவில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தலைமையாசிரியை ஞானம்பாள் கூப்பிட்டு அனுப்பினார். ஒத்திகைக்காகப் பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். கணுக்கால்வரை வரவேண்டிய பாவாடை எல்லோருக்கும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டிருந்தது. பெரிய பிள்ளைகள் இரண்டு கையாலும் பாவாடையைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ராஜாராமும் நின்றிருந்தார்.

"இது இன்னாங்க, டான்ஸ் பார்ட்டி மாதிரி?" என்றார் ராஜாராம்.

"நீங்களே தைச்சீங்களா?" என்று கேட்டார் ஞானம்பாள்.

இல்லை என்றால் ராஜாராமிடம் சொன்னது பொய்யாகிவிடும். ஆமாம் என்றால் இந்தக் கோலம் தன் தலையில் விழும். ஆதிநாராயணன் இரண்டுக்கும் நடுவே ஒன்றைச் சொன்னார்.

"கைக்கு ஒத்தாசையா ஒரு பொம்பளைய வச்சிருந்தேன், டீச்சர். அவ கெடுத்துட்டா. இனிமே அவளை வச்சிக்கல. நாளைக்குள்ள சரி பண்ணிடறேன்."

எந்தப் பொம்பளை என்று யாரும் கேட்கவில்லை. அந்தமட்டில் தப்பித்தோம் என்று வெளியே வந்தார். மூட்டையைத் தானே சைக்கிளில் கட்டிக்கொண்டு சிங்கவரம் ரோட்டில் மிதித்தார். மணிலாக்கொட்டைக் கொல்லைகளின் நடுவே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவளை என்ன கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

மீனம்பாள் முப்பது வயதுக்காரி. வாசலில் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள்.

"வாங்க மொதலாளி. செல்லப்பண்ணன் வரலீங்களா?"

"உன்னை யாரு டக் புடிக்கச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? பொட்டப் புள்ளைங்க பாவாடை ஆச்சே."

"அளவெடுத்து வெட்டிக் குடுத்திருக்கேன். பாத்தாத் தெரியாதா?"

"அளவா வெட்டினீங்களா?" அவள் நிஜமாகவே திகைத்துப்போனாள். "அடுத்த வருசம் அதுங்க இன்னாத்தக் கட்டும்? வளராதா?"

டக் பிடித்தால் பாவாடை குட்டையாகிவிடும் என்று தனக்கும் தோன்றவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று அனுப்பியவரும் அவர்தானே.

மீனம்பாள் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டாள். ஊசியாலும் பிளேடாலும் டக்குகளைப் பிரித்தார்கள். தையல் பட்ட தடம் தெரியாமலிருக்க ஈரத்துணி போட்டுக் கரிப்பெட்டியால் தேய்த்தார்கள். ஆதிநாராயணன் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, தேய்த்தவற்றை மடித்துக் கொடுத்தார். ஒருத்தி, "மொதலாளி நல்லா மடிக்கிறாரு, கூலி போட்டு வச்சிக்கலாம்டி" என்றாள். அவரும் சிரித்துவிட்டார்.

கிளம்பும்போது மீனம்பாள் சைக்கிள்வரை வந்தாள்.

"என் பொண்ணு வசந்தா அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்குது. நான்தான் பாவாடை தைக்கறேன்னு கூடப் படிக்கற புள்ளைங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்குது. டீச்சரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க மொதலாளி. தெரியாம கெடுக்கல, வழக்கப்படி தைச்சிட்டேன்னு. அது போதும்."

"சொல்றேன்."

விழா நன்றாக நடந்தது. நீலப் பாவாடைகள் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு வரிசையாகப் போயின. ராஜாராம் உட்பட எல்லோரும் பாராட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்று ஆதிநாராயணன் அன்று சொல்லவில்லை. பதினைந்து நாள் கழித்து அடுத்த மூட்டை போனபோது மீனம்பாள், செல்லப்பன் மூலமாகக் கேட்டனுப்பினாள். "சொல்லிட்டேன்னு சொல்லு" என்றார். நாளைக்குச் சொல்லப்போவதை இன்றைக்கே சொன்னதாக வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அப்போது நினைத்தார்.

அடுத்த வருடம் ஞானம்பாளே கடைக்கு வந்தார். "போன வருஷத்துப் பாவாடை எல்லாம் குட்டையாப் போச்சு. பெத்தவங்க சத்தம் போடறாங்க. இந்தத் தடவை நீளமா வெட்டி, உள்ளே ரெண்டு டக் வச்சுடுங்களேன்."

"நானும் அதத்தான் நெனச்சேன், டீச்சர்" என்றார் ஆதிநாராயணன்.

அதை அவர் ஏன் சொன்னார்? வேலை கைமாறிப் போய்விடும் என்ற பயம் என்றால், அதற்குள் ராஜாராமின் மைத்துனன் கடையை மூடிவிட்டுத் திண்டிவனம் போய்விட்டிருந்தான். காலனியில் தைத்தது என்று தெரிந்தால் வாங்கமாட்டார்கள் என்றால், தெரிந்தே வாங்கியவர்களும் இருந்தார்கள். ஒருவேளை, பாராட்டு கைக்கு வரும்போது அதை இன்னொருவர் பக்கம் திருப்பிவிட அவர் பழகியிருக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை. காஜா எடுக்க ஒரு வீடு, கைத்தையலுக்கு ஒரு வீடு என்று வேலையைப் பிரித்துக் கொடுத்து அவர் கடை வளர்ந்தது. மீனம்பாளுக்குப் புது மிஷின் வாங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டார். ஆள் வரவேண்டாம் என்றவர், பிறகு அவளையே பின்வாசலுக்கு வரச்சொல்லி நேரில் வேலை கொடுத்தார். பின்வாசல்தான், முன்வாசல் இல்லை.

அறுபத்தெட்டில் ஞானம்பாளுக்கு மாற்றல் வந்தது. விடைபெற வந்தவர் முன்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். பின்பக்கம் மீனம்பாள் தைத்த மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தாள். நடுவே ஒரு தட்டிதான்.

"அந்த டக் வச்ச யோசனை எத்தனை வீட்டுக்கு உதவியா இருந்துது, தெரியுமா? போற பள்ளிக்கூடத்துலயும் உங்க பேரைச் சொல்லி அதைச் செய்யப்போறேன்" என்றார் ஞானம்பாள். "முதல் வருஷம் யாரோ ஒருத்தி கெடுத்தாளே, அவளை அப்பவே நிறுத்திட்டீங்க இல்லே?"

தட்டிக்குப் பின்னால் மூட்டை இறக்கும் சத்தம் நின்றது.

ஆதிநாராயணன் எழுந்தார். "காப்பி சொல்றேன், டீச்சர்" என்றார். காப்பி வந்தது. பேச்சு புது ஊரைப் பற்றிப் போனது. கொஞ்ச நேரத்தில் ஞானம்பாள் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஆதிநாராயணன் பின்பக்கம் போனபோது மீனம்பாள் புதிய மூட்டையைப் பிரித்துத் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இதுல கீழ எத்தினி அங்குலம் மடக்கணும்னு சொல்லிடுங்க மொதலாளி."

"உனக்குத் தெரியாததா, மீனம்பா?"

"இல்ல, சொல்லிடுங்க. அப்பறம் என் வழக்கத்துல தைச்சிடப்போறேன்."

சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டைக்கும் அவள் அப்படியே கேட்டாள். அவரும் ஒவ்வொரு முறையும் சொன்னார். வேறு பேச்சு இல்லை. தையலில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை அவள்.

மறுவருடம் மாசியில் ஆதிநாராயணன் மார்வலி வந்து இரண்டு நாளில் போய்விட்டார். காரியம் முடிந்ததும் அவர் மகன், மீனம்பாளைக் கூப்பிட்டு அப்பா அவளுக்கு ஏதாவது பாக்கி வைத்திருக்கிறாரா என்று கேட்டான். கூலியெல்லாம் சரியாக வந்துவிட்டது என்றாள். ஞானம்பாள் டீச்சர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று திருப்பிக் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. எதற்கென்றும் அவன் கேட்கவில்லை.