சந்தனப் பொட்டு வைத்த கார்பன் சைக்கிள்

ஆயுத பூஜை முடிந்த கையோடு, சிதம்பரத்திலிருந்து ஒரு அம்மா மினி வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். சைக்கிள் மேல் பழைய பட்டுப்புடவை போர்த்தியிருந்தது. கார் பெயின்டிங்கில் ஆரம்பித்து கார்பன் சைக்கிள் கீறலுக்கு வந்தவன் நான். புடவை போர்த்திய வண்டியை அன்றுதான் பார்த்தேன்.

"எங்க மாப்ளயோடது தம்பி, எங்க வீட்டுல வுட்டுட்டுப் போயிருக்காரு. பூஜைக்கு சந்தனப் பொட்டு வச்சேன். காஞ்சி போயி வரல. பாத்திரம் தேய்க்கிற கம்பி நார போட்டு ஒரு தேய் தேய்ச்சிட்டேன்."

புடவையை விலக்கினேன். நல்ல கைப்பலம். பொட்டு இருந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வட்டம்.

"ஞாயித்துக்கிழம பெங்களூர்லேர்ந்து வந்துடுவாரு. கல்யாணமாயி மொத பூஜ. அவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

நகத்தை ஓட்டிப் பார்த்தேன், மாட்டவில்லை. கீறல் மேலே உள்ள கிளியர் கோட் என்கிற பளபளப்புப் பூச்சில்தான். வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்துத் தேய்க்கும்போது வழியும் குழம்பு வெள்ளையாக இருந்தால் கவலையில்லை. கறுப்பாக வந்தால் அது வண்டி உடம்பின் கார்பன் தூள், கையை எடுத்துவிட வேண்டும். இது எங்கள் தொழிலின் பாலபாடம். அன்று மஞ்சளாக வந்தது. கீறலுக்குள் புகுந்த சந்தனம். தின்னர் நாற்றத்துக்குப் பழகிய என் மூக்குக்குக் கொண்டாட்டம்தான்.

மேல் பார் பளபளவென்று ஆகிவிட்டது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கு வந்தேன். பேப்பரை வைத்ததுமே ஒரு இடத்தில் கறுப்பு. ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டினேன். 'டக் டக்' என்று கேட்க வேண்டியது அங்கே மட்டும் 'பொத்' என்றது. விரிசல்.

"அய்யோ, நானா தம்பி?"

"நார்ல தேய்ச்சி ஃபோர்க்க ஒடைக்கணும்னா நீங்க பயில்வானா இருக்கணும்மா. இது எங்கியோ விழுந்த அடி. மேல கிளியர் அடிச்சி மறைச்சா உங்க மானம் தப்பும். மாப்ள பல்லு தப்பாது."

அந்த அம்மா புடவையை மடித்து வேனில் வைத்தார். பிறகு என் போனை வாங்கித் தானே மருமகன் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என் முன்னால் நீட்டினார்.

"சார், கடலூர் சைக்கிள் பட்டறையிலேர்ந்து பேசுறேன். உங்க ஃபோர்க்குல கிராக் இருக்கு. எங்கியாவது விழுந்தீங்களா?"

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக, "கிள்ளை ரோட்டுல நாய் குறுக்க வந்துடுச்சிண்ணா. வீட்ல சொல்லல. முக்கியமா எங்க அத்தைக்குத் தெரியக் கூடாது. அப்புறம் சைக்கிள தொடவே வுட மாட்டாங்க."

அதற்கு மேல் அந்த அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "அடி கிடி பட்டுச்சா மாப்ள?"

"இல்ல அத்தை..." என்றவர் சுதாரித்துக்கொண்டார். "ஆமா, சைக்கிள் எப்படி கடலூருக்கு வந்துச்சி?"

போனை என் கையில் திணித்துவிட்டு, "நீயே சொல்லு தம்பி" என்று அந்த அம்மா வாசலுக்குப் போய்விட்டார்.

ஃபோர்க்கை மாற்றினோம். அன்றிலிருந்து யார் கீறலோடு வந்தாலும், எல்லா இடத்தையும் தட்டிப் பார்க்காமல் நான் வாட்டர் பேப்பரைத் தொடுவதில்லை. கீறலை மறைப்பது என் தொழில். விரிசலை மறைப்பது பாவம்.

அந்த வீட்டில் இப்போதும் பூஜைக்குச் சைக்கிளை நிறுத்துகிறார்களாம். பொட்டு மட்டும் டயரில்.